மாதிரி வாங்குநர் எங்கே நின்றார்

சின்னவனுக்குக் கிடைத்த லீவு பதினான்கு நாள். பதினைந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு, கடல் தாண்டிய அந்த ஊரில் ஏதாவது ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து அவன் ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். இதை மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பியிருந்தார். சிரித்துக்கொண்டு சொன்னதால்தான் பயமாக இருந்தது.

வேலை இரண்டே இரண்டு. வீட்டை விற்க வேண்டும். அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் குளியலறை வாசலில் இருக்கும் ஒரு சாண் படியில் அம்மா கால் இடறி விழுந்துவிட்டாள். மூன்று மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தாள். அந்த மூன்று மணி நேரமும் கூடத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடித்தது சின்னவன். அன்றிலிருந்து அவனுக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும்.

அம்மாவைக் கேட்டால், "ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாடியே எறங்கிட்டேன், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவாள். இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். விழுந்த பிறகு அந்தப் படிக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் நின்று, கதவு நிலையைப் பிடித்து, மூச்சை இழுத்துவிட்டுத்தான் காலைத் தூக்குவாள். படியில் நிற்காதே என்று ஊரையே அதட்டியவள் இப்போது படிக்குப் படி நிற்பதைச் சின்னவனால் பார்க்க முடியவில்லை. லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு விரற்கடை முன்பின்னாக நின்றாலும் ஆள் விழும். அதைச் சமப்படுத்துவதுதான் அவன் பிழைப்பு. வந்து இறங்கிய அன்றைக்கே உளியைத் தேடினான்.

"எதையும் தொடாதே தம்பி" என்றாள் தையல்காரம்மா. வீட்டை வாங்கப் போகிறவள் அவள்தான். இரண்டு தெரு தள்ளி அவள் கடை இருக்கும் கட்டடத்தை மாதக் கடைசியில் இடிக்கிறார்கள். "மேம்பாட்டு ஆபீஸ் சர்டிபிகேட் வாங்காம ஒரு ஆணி அடிச்சாலும் ஃபைல் முதல்லேருந்து ஆரம்பிக்கும். எங்க கட்டட ஓனர் ஒரு கதவுக்குப் பெயின்ட் அடிச்சுட்டு எட்டு மாசம் அலைஞ்சாரு."

"உங்களுக்கு வீடு இப்படியே பிடிச்சிருக்குல்லக்கா?"

"எனக்கு இந்தக் கூடத்து ஜன்னல் போதும். சாயங்காலம் அஞ்சு வரைக்கும் லைட் போடாம ஊசி கோக்கலாம். வீட்டோட மிச்சத்தை நான் இன்னும் சரியா பாக்கக்கூட இல்ல."

வாங்குகிறவளுக்கு வீடு பிடித்திருக்கிறது, விற்கிறவனுக்கு அவசரம். இரண்டே நாளில் முடிந்துவிடும் என்று சின்னவன் அக்காவுக்குப் போனில் ஒரு நீண்ட செய்தி எழுதி அனுப்பினான். அக்கா இன்னொரு நாட்டில் இருக்கிறாள். அவளுக்குப் பதில் எழுத எப்போதும் நேரம் இருந்தது. 'வெள்ளை அடி. சமையலறை அலமாரி மாத்து. இங்க எல்லாரும் அதான் பண்றாங்க' என்று வந்தது.

விற்பனைக்கு முந்தைய மேம்பாட்டு வாரியம் நல்ல எண்ணத்தில் தொடங்கப்பட்ட ஒன்று. வீட்டை விற்கும் முன் ஜனங்கள் கண்ட கண்ட மராமத்தில் காசைக் கொட்டி ஏமாறுகிறார்கள். எது பயனுள்ள வேலை, எது வீண் வேலை என்று அறிவியல் முறையில் யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்ல நானூறு பேரை நியமித்தார்கள். அவர்கள் கொடுக்கும் பயன் சான்று இல்லாமல் பத்திர ஆபீசில் வாசல் காவலாளிகூட நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

வாரியக் கட்டடத்தின் மாடிப்படிக் கைப்பிடியைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வரவேற்பறைக் கூரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாளிக்கு வரிசை எண் ஒட்டியிருந்தது. மூடாத கதவு ஒன்றை ஃபைல் கட்டு ஒன்று முட்டுக்கொடுத்துத் தாங்கியது. சின்னவன் வாளியைப் பார்த்துக்கொண்டிருப்பதை, மேசைக்குப் பின்னால் இருந்த பயன் அதிகாரி கவனித்தார்.

"இந்தக் கட்டடத்தை நாங்க விக்கப் போறதில்லைங்க" என்றார். "விக்காத கட்டடத்துல மராமத்து பண்ணினா அதுல என்ன பயன்? இருக்கறவங்க வசதிக்குன்னு செலவு பண்ண ஆரம்பிச்சா முடிவே கிடையாது."

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா. கழுத்தில் கயிறு போட்டு ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கியது, பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியாருக்கு விசில் தொங்குவது போல.

"சொல்லுங்க. என்னென்ன மேம்பாடு உத்தேசிச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல சார். வாங்கறவங்களுக்கு இருக்கறபடியே பிடிச்சிருக்கு."

அதிகாரி எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுமில்லன்னு எழுத இதுல கட்டம் இல்ல. ஏழு எழுதணும். ஏழையும் நாங்க சோதிச்சு, எதெது வீண்னு சொல்லி உங்களைக் காப்பாத்துவோம். நீங்க ஒண்ணுமே எழுதலைன்னா நாங்க உங்களை எதுலேருந்து காப்பாத்தறது?"

சின்னவன் யோசித்து யோசித்து எழுதினான். அக்கா சொன்ன வெள்ளை, அக்கா சொன்ன அலமாரி, சொட்டுகிற குழாய், வாசல் கதவுக்கு வார்னிஷ், கூடத்து ஜன்னலுக்குப் புதுக் கம்பி, மழைநீர்க் குழாய். ஆறுக்கு மேல் ஓடவில்லை. ஏழாவதாக, குளியலறைப் படியை எடுப்பது என்று எழுதினான். அது ஒன்றைத்தான் மனதோடு எழுதினான். கையெழுத்துகூட அந்த வரியில் கொஞ்சம் நன்றாக இருந்தது.

ஐந்தாம் நாள் சோதனைக்கு வந்தார்கள். அதிகாரியும், கூடவே இன்னொருவரும். இன்னொருவர் ஒல்லியாக, ஐம்பது வயதில், கைமுட்டு தேய்ந்த முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்.

"இவர்தான் எங்க மாதிரி வாங்குநர்" என்று அதிகாரி பெருமையோடு அறிமுகம் செய்தார். "பரீட்சை எழுதி வந்தவர். சராசரி உயரம், சராசரி எடை, சராசரி குடும்பம், சராசரி சம்பளம். அன்னிக்கு எழுதின ஆயிரம் பேர்ல இவர்தான் எல்லாத்துலயும் சரியா நடுவுல நின்னாரு. பதினெட்டு வருஷமா இந்த ஊர் வீடுங்களை இவர்தான் பாக்கறார்."

"பதினெட்டு வருஷமா? அப்ப சம்பளம் ஏறியிருக்குமே சார்."

"எப்படி ஏத்தறது? ஏத்தினா சராசரி கெட்டுடும்ல."

மாதிரி வாங்குநர் இதற்குத் தலையாட்டினார். பேசவில்லை. சோதனை நேரத்தில் அவர் பேசக்கூடாது. பேசினால் கருத்து வந்துவிடும்; வாரியத்துக்கு வேண்டியது கருத்து இல்லை, அளவு.

அளவு முறை எளிமையானது. மாதிரி வாங்குநர் வீட்டுக்குள் நடப்பார். எந்த இடத்தில் ஏழு விநாடியோ அதற்கு மேலோ நிற்கிறாரோ அந்த இடத்தில் செய்யும் வேலை பயனுள்ளது. அதற்குக் குறைந்தால் வீண். பெரிய நாடுகளில்கூட இதற்கு ஈடான முறை இல்லை என்றார் அதிகாரி. சின்னவன் அதை நம்பினான்.

மாதிரி வாங்குநர் நடந்தார். இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடந்தார். வாசல் கதவு, இரண்டு விநாடி. கூடத்து ஜன்னல், ஒரு விநாடி. சொட்டுகிற குழாய் சொட்டவே இல்லை. சோதனை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. அந்த நேரத்தில் தெருக்குழாயில் தண்ணீர் வராது. குளியலறைப் படியில் காலைத் தூக்கி வைக்க இரண்டு விநாடி எடுத்துக்கொண்டார். கடைசியாகச் சமையலறைக்குள் போனார். அங்கே அம்மாவின் நாற்காலி கிடந்தது. பழைய காக்கிச் சீருடையை வெட்டி அம்மா தைத்த மெத்தை போட்ட கை வைத்த நாற்காலி. மாதிரி வாங்குநர் அதைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

அதிகாரியின் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் ஒரு பரவசம் வந்தது.

"நாலு நிமிஷம் பதினோரு செகண்ட்" என்றார், ஏதோ பிறந்த குழந்தையின் எடையைச் சொல்வது போல. "சமையலறை அபாரமான பயன். இங்க என்ன வேணா செலவு பண்ணலாம். ஜன்னல் வீண். ஒரு செகண்டுக்கு மேல நிக்க வைக்காத ஜன்னல் கவனத்தைக் கலைக்கும். செங்கல் வெச்சு மூடிடணும்."

கூடத்தில் நின்றிருந்த தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, நான் வீட்டை வாங்கறதே அந்த ஜன்னலுக்காகத்தான்."

"நீங்க யாருங்க?"

"வாங்கப் போறவ."

"ஓ, நிஜ வாங்குநரா." அதிகாரி அவளைப் பரிவோடு பார்த்தார். "உங்க ஆசை எனக்குப் புரியுதும்மா. ஆனா அது உங்க ஒருத்தரோட ஆசை. நாங்க எல்லாருக்கும் பொதுவா பாக்கணும். நிஜமா வாங்கறவங்களைக் கேட்டு முடிவெடுத்தா ஆளுக்கொரு முடிவு வரும்."

"சார், அந்தக் குளியலறைப் படி" என்றான் சின்னவன்.

"ரெண்டு செகண்ட். வீண்."

"எங்கம்மா அதுல விழுந்துட்டாங்க சார்."

"கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா அவங்க விக்கறவங்க. விக்கறவங்க விழறதுக்கு மார்க்கெட்ல மதிப்பு இல்ல. இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. படி இருக்கறதாலதான் ரெண்டு செகண்டாவது நின்னாரு. படியை எடுத்துட்டா அந்த ரெண்டு செகண்டும் போயிடும். நீங்களே உங்க வீட்டு மதிப்பைக் கொறைச்சுக்கலாமா?"

அம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு தன் நாற்காலியை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். "பாவம், அந்த மனுஷனுக்குக் கால் வலிடா" என்றாள். சின்னவன் காதில் அது விழவில்லை. அவன் ஜன்னலுக்கு மேல்முறையீடு எழுதிக்கொண்டிருந்தான்.

ஏழாம் நாள் வாரியத்துக்கு நடந்து போகும்போதுதான் அவனுக்கு உறைத்தது. வழியில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கிய வீடுகளின் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போனான். முதல் வீட்டுச் சமையலறையில் சோபா. அடுத்த வீட்டில் அடுப்புக்கு எதிரே சாய்வு நாற்காலி. மூன்றாவது வீட்டில் மாடிப்படி வளைவில் ஒரு பெஞ்ச், அதில் தலையணை. மழையில் நனையும் மொட்டை மாடியில்கூட ஒரு ஸ்டூல் தெரிந்தது. ஊரே யாரோ ஒருத்தர் உட்காருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.

வாரியத்தின் பின்பக்க நடையில், சுவரில் சாய்ந்து, மாதிரி வாங்குநர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு முட்டி வலியா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "வேலைக்குச் சேந்து ஆறாவது வருஷம் வந்துச்சு தம்பி. ஒரு நாளைக்குப் பத்து வீடு. யார் வீட்லயும் உக்காருங்கன்னு சொல்ல மாட்டாங்க. நாற்காலி இருந்தா உக்காந்துப்பேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அப்பல்லாம் கண்ணாடி முன்னாடி நிப்பேன். கல்யாணமான புதுசு." அவர் டீயை ஊதினார். "அந்த ஆறு வருஷம் ஊர்ல எல்லா வீட்லயும் கண்ணாடி வெச்சாங்க. வாரியம் அதைப் பத்திப் புத்தகம்கூடப் போட்டிருக்கு."

சின்னவன் மேல்முறையீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுசோதனைக்கு எழுதிக் கொடுத்தான். ஒன்பதாம் நாள் மறுசோதனைக்கு அம்மாவின் நாற்காலியை ஜன்னலடியில் போட்டான். மாதிரி வாங்குநர் உட்கார்ந்தார். ஆறு நிமிடம். வெயில் அவர் முட்டியில் விழுந்தது. அதிகாரி தன் பழைய அறிக்கையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, இந்த ஜன்னலைப் போல ஒன்றைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று எழுதினார். தையல்காரம்மா மூச்சு விட்டாள்.

பிறகு அவர்கள் சமையலறைக்குப் போனார்கள். அங்கே இப்போது நாற்காலி இல்லை. மாதிரி வாங்குநர் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார்.

"அரை செகண்ட்" என்றார் அதிகாரி, வருத்தத்தோடு. "நாலே நாள்ல ஒரு சமையலறை இவ்வளவு கெட்டுப் போகும்னு நான் நெனைக்கல. இதை எடுத்துடணும்."

"சமையலறையை எடுத்துட்டா எங்க சார் சமைப்பாங்க?"

"அது வாங்கினதுக்கு அப்புறம் வர்ற பிரச்சினை. நாங்க விக்கறதுக்கு முந்தின வாரியம்."

சின்னவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இன்னும் ஐந்து நாள். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தான், வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தான். 'சமையலறை போனா வீடே போச்சு, நான் முதல்லயே அலமாரி மாத்தச் சொன்னேன்' என்று அக்கா எழுதினாள்.

"உக்காருடா. ரெண்டு காலும் தேயுது" என்றாள் அம்மா.

"எப்படிம்மா உக்கார்றது? உனக்கும் சேத்து டிக்கெட் போட்டாச்சு. இங்க உன்னைத் தனியா விட்டுட்டு நான் அங்க போய் எப்படி வேலை பாப்பேன்?"

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நாற்காலி கடன் கேட்கக் கிளம்பிவிட்டான்.

பன்னிரண்டாம் நாள், மூன்றாவது சோதனைக்கு, வீட்டில் ஒன்பது நாற்காலிகள் இருந்தன. தையல் கடை ஸ்டூல் மூன்று, பக்கத்து வீட்டுப் படிப்பு நாற்காலி, எதிர்வீட்டுக் கிளினிக்கின் இரும்பு நாற்காலிகள், அம்மாவின் காக்கி நாற்காலி. சமையலறையில் ஒன்று, குழாயடியில் ஒன்று, குளியலறைப் படிக்குப் பக்கத்தில்கூட ஒன்று. வீடு பல்லாஸ்பத்திரி மாதிரி இருந்தது. சின்னவன் இரண்டு முறை எண்ணிப் பார்த்தான். இந்த முறை தப்பவே முடியாது.

மாதிரி வாங்குநர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் அவனுக்குப் பகீரென்றது. அவர் நடந்து வரவில்லை. துள்ளி வந்தார்.

"முட்டிக்கு ஊசி போட்டுட்டு வந்திருக்கார்" என்றார் அதிகாரி, உற்சாகமாக. "எதிர்வீட்டுக் கிளினிக்லதான். நாற்காலி எல்லாம் எங்கயோ போயிருந்ததால காத்திருக்காம உடனே உள்ளே கூப்பிட்டுட்டாங்களாம். ஆரம்பிக்கலாமா?"

மாதிரி வாங்குநர் வாசல், கூடம், ஜன்னல், சமையலறை, குழாயடி, குளியலறை என்று ஒரே மூச்சில் சுற்றி வந்தார். ஒன்பது நாற்காலிகளில் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. படியை ஒரே எட்டில் தாண்டினார். பன்னிரண்டு வருடம் கழித்துக் கால் கிடைத்த மனிதனின் நடை அது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அதிகாரி ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார்.

"எங்கயும் நிக்கல" என்றார் மெதுவாக. "ஜன்னல் வீண். சமையலறை வீண். கதவு வீண். தம்பி, இப்படி ஒரு முடிவு எழுதறது எனக்கும் சந்தோஷம் இல்ல. வீட்டையே எடுத்துட்டு வெறும் மனையா வித்துடுங்க."

"சார், வாங்கறவங்க இதோ நிக்கறாங்க. பணத்தோட நிக்கறாங்க."

"தப்பா நெனைக்காதீங்க. நான் பதினெட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். ஒரு வீட்டுக்காவது கெடுதல் பண்ணணும்னு நெனைச்சதில்ல. வீட்டுக்குள்ள இருக்கற ஜனங்களைப் பாத்தா மனசு இளகிடும்னு நான் அவங்க பக்கம் திரும்பக்கூட மாட்டேன்."

மாதிரி வாங்குநர் வெளியே போகத் திரும்பினார். வாசலை மறித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். கையில் டீ டம்ளர்.

"குடிங்க" என்றாள். "எவ்வளவு வீடு பாத்திருப்பீங்க. உங்களுக்கு இந்த வீடு பிடிச்சிருக்கா?"

அவர் நின்றார்.

டம்ளரை வாங்கவில்லை, நகரவும் இல்லை. அதிகாரியின் கட்டைவிரல் தானாக ஸ்டாப்வாட்சை அழுத்தியது.

"என்னையாம்மா கேக்கறீங்க?" என்றார் கடைசியில்.

"வேற யாரு இருக்கா இங்க வீடு பாக்க வந்தவங்க?"

"என்னை யாரும் கேட்டதில்லைம்மா." அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், முதன்முறையாக ஒரு வீட்டுக்குள் வந்தவர் போல. "நானும் வாடகை வீட்லதான் இருக்கேன். பத்து வீடு பாத்துட்டுப் போவேன். என் வீட்டுக்காரி, என்ன பாத்தீங்கன்னு கேப்பா. ஒண்ணும் ஞாபகம் வராது. இது... இது நல்லா இருக்கும்மா. அந்த ஜன்னல் நல்லா இருக்கு. சமையலறைக்குள்ள காத்து வருது. அந்தப் படி மட்டும் சரியில்ல. யாராவது விழுந்துடுவாங்க."

பேசியது விதிக்குப் புறம்பு. அதிகாரி அதைக் குறிக்கவில்லை. அவர் கண் கடிகாரத்தைவிட்டு அகலவில்லை. மாதிரி வாங்குநர் டீயை வாங்கிக் குடித்து, அவர் மனைவி எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், ஊசி வலித்ததா என்றெல்லாம் அம்மா கேட்டு முடிக்கும்போது இருபத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

"வாரிய வரலாற்றுல கெடையாது" என்றார் அதிகாரி. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து சான்றை எழுதினார். முத்திரையைப் பையிலேயே வைத்திருந்தார்.

சின்னவன் வாங்கிப் படித்தான். வீடு விற்கத் தகுதியானது. பயனுள்ள மேம்பாடு: அம்மா, எண்ணிக்கை ஒன்று, பொருத்தப்பட்ட இடம் வாசல். விற்ற நாளிலிருந்து ஓர் ஆண்டுக்கு அகற்றக்கூடாது.

"சார், இது எங்கம்மா."

"ஆமா. சொந்தமா, கடன் வாங்கினதா?"

"சொந்தம் சார்."

"நல்லது. சில பேர் சோதனைக்காகக் கடன் வாங்கிட்டு வந்து வெச்சுட்டு" என்று அதிகாரி ஒன்பது நாற்காலிகளையும் ஒருமுறை பார்த்தார், "அப்புறம் எடுத்துட்டுப் போயிடறாங்க. அதனாலதான் ஒரு வருஷ விதி. அம்மாவை எடுத்தே ஆகணும்னா படிவம் ஒன்பது இருக்கு. அம்மாவுக்குப் பதிலா ஏழு மாற்று எழுதிக் குடுங்க. ஏழையும் இவர் வந்து பாப்பார்."

சின்னவன் ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். இந்த வீட்டில் அவன் உட்கார்ந்தது பன்னிரண்டு நாளில் அதுதான் முதல் தடவை.

தையல்காரம்மா சான்றை வாங்கிப் பார்த்தாள். "எனக்கு இதுல ஒரு நஷ்டமும் இல்ல. பட்டன் தைக்க ஒரு ஆள் தேடிட்டுத்தான் இருந்தேன். பின்னாடி ரூம் உங்கம்மாவுக்கே இருக்கட்டும்."

"பட்டன் தைப்பேன்" என்றாள் அம்மா. "காஜா எடுக்க மாட்டேன். கண்ணு தெரியாது."

"காஜாவுக்கு மிஷின் இருக்குக்கா."

இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். சின்னவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரென்றே தெரியாத ஒருத்தரை நிறுத்தி, உங்களுக்குப் பிடித்திருக்கா என்று இவள் கேட்டாள். ஐந்து மாதமாக அவன் அம்மாவிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறான். மாத்திரை போட்டியா, போன் பக்கத்திலேயே வெச்சிருக்கியா, பாஸ்போர்ட் எங்கே வெச்சே.

"அம்மா" என்றான். "உனக்கு என்கூட வரப் பிடிச்சிருக்கா?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அதிகாரியின் கை பழக்கதோஷத்தில் ஸ்டாப்வாட்சுக்குப் போனது. மாதிரி வாங்குநர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இருக்கறது எத்தனாவது மாடி?" என்றாள் அம்மா.

"நாலு."

"லிஃப்ட்?"

சின்னவன் தரையைப் பார்த்தான். ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில் வாடகை கட்டுப்படியாகாது. "இல்லம்மா."

"காலைல ஏழு மணிக்குப் போனா நீ ராத்திரிதான் வருவே. நான் நாலாவது மாடில உக்காந்து உனக்காகக் காத்துட்டிருக்கணும். இங்க விழுந்தா, கத்தினா மிஷினை நிறுத்திட்டு ஓடி வர இவ இருப்பா." அம்மா அவன் தலையில் கையை வைத்தாள். "உன்மேல கோவம் இல்லடா. நீ நிக்கவே மாட்டேங்கறே. நின்னாத்தானே நான் சொல்ல முடியும்."

பதின்மூன்றாம் நாள் பத்திரம் முடிந்தது. ஆபீசிலிருந்து வந்த சின்னவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உளியைக் கையில் எடுத்தான். பிறகு ஞாபகம் வந்து தையல்காரம்மாவைப் பார்த்தான்.

"இப்ப என் வீடு" என்றாள் அவள், வாய் நிறைய ஊசிகளோடு. "எனக்கும் முட்டி இருக்கு. இடி."

பொழுது சாய்வதற்குள் படி போயிருந்தது. தண்ணீர் கூடத்துக்கு வராதபடி உள்தரையைச் சரித்து, படி இருந்த இடத்தில் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை விடாமல் தேய்த்தான். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய்க் கைப்பிடியும் வைத்தான். அக்காவுக்கு எதுவும் எழுதவில்லை. எழுதினால் வெள்ளை அடித்தாயா என்று கேட்பாள்.

பதினான்காம் நாள் மதியம் சிமென்ட் காய்ந்துவிட்டது. பெட்டி வாசலில் இருந்தது. ஒரே ஒரு பெட்டி. வண்டி வந்து தெருவில் ஹாரன் அடித்தது. சின்னவன் குளியலறைக்கு எதிரே, சுவரோரம் போய் நின்றான்.

"போய்ப் பாரும்மா."

அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். படி இருந்த இடத்துக்கு வந்தாள். கதவு நிலையைத் தேடிக் கை எழவில்லை. மூச்சை இழுக்கவில்லை. தன் பாட்டுக்கு நடந்து உள்ளே போய்விட்டாள்.

"என்னடா அங்கயே நிக்கறே, வண்டி வந்துடுச்சுல்ல" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவள் அங்கே ஒரு விநாடிகூட நிற்கவில்லை. வாரியத்தின் கணக்குப்படி, அந்த வீட்டில் செய்த வேலைகளிலேயே அதைப் போல வீண் வேலை வேறில்லை.